பதின்மூன்று மணி நேரம்

"எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார் அப்பா.

"பதிமூணு."

விமான டிக்கெட் அலுவலகத்தில் பதினோரு வருடங்களாக அவள் சொல்லிவரும் விதம் அது. கவுண்டரில் பறக்கும் நேரத்தை மட்டும்தான் சொல்வார்கள். நடுவில் காத்துக் கிடப்பதை, கேட்டால் ஒழியச் சொல்வதில்லை. வாய் பழகிவிட்டது.

"தூரம்?"

"பன்னண்டாயிரம் கிலோமீட்டர்."

"என் வண்டின்னா பத்து நாள். நாலு டயர் போயிருக்கும்." அப்பா முப்பது வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். "இப்ப மணி ஆறு. ஏறிட்டானா உன் தம்பி?"

"ஏறிட்டான்."

"காலைல ஏழுக்கு வந்துடுவான். அவனைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒப்புதல் படிவத்துடன் நின்றார். அப்பாவின் நெஞ்சில் பெரிய ரத்தக்குழாய் கிழியத் தொடங்கியிருந்தது.

"இப்பவே ஆபரேஷன் செஞ்சா பொழைக்கப் பாதிக்குப் பாதி, பெரியவரே. தள்ளத் தள்ளக் குறையும்."

"அந்த இன்னொரு பாதிக்காகத்தான் அவனைப் பாக்கணுங்கறேன்."

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வழியில் விமானம் மாற வேண்டும். அங்கே பத்து மணி நேரம். தம்பி வந்து சேர மறுநாள் மாலை ஆகிவிடும். உள்ளே போய்ச் சொன்னால் அப்பா அதுவரை படிவத்தைத் தொட மாட்டார் என்று பயந்தாள். சொல்லவில்லை.

காலையில் அப்பா முகம் மழித்துக்கொண்டார். ஏழரைக்குக் கதவைப் பார்த்தார். எட்டுக்குத் தம்பியின் அழைப்பு வந்தது. இடைவழி விமான நிலையத்தில் இருந்தான்.

"லைன்லயே இருடா," என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியை அணைத்தாள்.

"அப்பா, நடுவுல வண்டி மாறணும். சாயந்திரம்தான் வருவான். எனக்கு நேத்தே தெரியும்."

அவர் கதவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எத்தனை நிறுத்தம்னு நான்ல கேட்டிருக்கணும். ஆகாசத்துல ஏது நிறுத்தம்னு விட்டுட்டேன்."

"நீங்க இன்னும் தள்ளிப் போடுவீங்கன்னு நெனச்சேன்."

"சாயந்திரம்னு சொல்லியிருந்தா நேத்தே போட்டிருப்பேன்ம்மா. ஒரு ராத்திரிதானே, தாங்கிடலாம்னுதான் பிடிவாதம் பிடிச்சேன்."

அவர் போனுக்குக் கை நீட்டினார். ஒலிவாங்கியைத் திறந்து கொடுத்தாள்.

"சாப்பிட்டியாடா? சரி. பையைத் தலைக்கு வச்சுத் தூங்கு. கவலைப்படாத."

போனைக் கொடுத்துவிட்டுப் படிவத்தைக் கேட்டார். படுத்தபடியே போட்ட கையெழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிப்போனது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"டாக்டர், இப்பவும் பாதிக்குப் பாதிதானே?" என்று போனைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அது நேத்து சாயந்திரம் சொன்னது," என்றார் மருத்துவர். பின்னாலேயே போனார்.

போனில் தம்பி இன்னும் இருந்தான்.

"அப்பா தெம்பாத்தான் பேசறாருக்கா. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

அவள் வராந்தாச் சுவரில் சாய்ந்தாள்.

"இங்க குளிக்க இடம் இருக்காம். ஒரு குளியல் போட்டுட்டு வரட்டா?"

"போடு," என்றாள்.