கதவடியில் ஒரு கதிரை

மூப்பர் ஜெயராசா கதவைச் சாத்தப் போன நேரத்தில், கம்சலா ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துவந்து வாசல்நிலைக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே எண்ணெய்ப் போத்தலோடு மூப்பர். வெளியே, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளும் தாய்மாரும் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் கம்சலாவின் மகள் மேனுஷா.

நமுனுகுலப் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்துத் திருச்சபையில் அது வழக்கம். பரீட்சைக்கு முந்திய ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், மூப்பர் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, தலையில் எண்ணெய் வைத்து ஜெபிப்பார். அவர் கைவைத்த பிள்ளை தேறும் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் பேச்சு. தேறாத பிள்ளைகளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

போன மாதம்தான் சபையில் சிறுவர் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் என்பதால், போதகர் நிரோஷன் கம்சலாவையே பதுளைக்குப் பயிற்சிக்கு அனுப்பிப் பொறுப்பாளியாக்கினார். மூடிய அறையில் பெரியவர் எவரும் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்று அவள் வாசித்தபோது சபையே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் ஜெயராசா. ஊரார் வீட்டுக்கு எழுதிய சட்டம் என்று நினைத்திருப்பார் போல.

இப்போது போதகர் குனிந்து, மூப்பர் மனம் நோகிறார், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று காதோடு சொன்னார். கம்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் தடவையே விட்டுக்கொடுப்பதற்கா அத்தனை கைதட்டல்? அவள் அசையவில்லை.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இராக்கம்மா, மகன் கிரிஷாந்தனை வரிசையில் விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"பெரிய மனுசன சந்தேகப்படுறியா கம்சலா?"

"ஐயாவ ஒண்ணும் சொல்லலக்கா. கதவத்தான் சொல்றேன்."

"ஒன் புள்ளயும் தானே எழுதுது?"

"அதனாலதான் உக்காந்திருக்கேன்."

மூப்பர் போத்தலை மூடினார். காவல் போட்ட இடத்தில் தனக்கு ஜெபம் வராது, விசுவாசமுள்ளவர்கள் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு, கதிரையின் ஓரமாக ஒதுங்கி வெளியேறினார். கதவைத் திறந்துவைத்து ஜெபித்தால் என்ன குறைந்துவிடும் என்று கம்சலா கேட்டபோது அவர் படியிறங்கிவிட்டிருந்தார். போதகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாய்மார் அவளை முறைத்தபடி மூப்பரின் பின்னால் போனார்கள்.

மேனுஷாவின் கண் நிறைந்துவிட்டது. "அம்மா, நானும் போகணும்."

கம்சலா மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிள்ளை தேறாமல் போனால் லயத்தில் காலத்துக்கும் இந்தப் பேச்சுத்தான். தேறாவிட்டால் மேனுஷாவே மன்னிப்பாளோ என்னவோ. இருந்தாலும் பயம் வேறு, விடுவது வேறு. அவள் எழுந்து கதிரையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"வா, போவோம்."

"கதிர எதுக்கும்மா?"

"அவரு வீட்டுலயும் கதவு இருக்குல்ல."

தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் முன்னால் மூப்பர் நடையை எட்டிப் போட்டார். நடுவில் போன இராக்கம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் கிரிஷாந்தனின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால், கொழுந்து மட்டத்துக்கு மேலே, சிவப்புக் கதிரை ஒன்று அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது.