பெயர் சொல்லாத சாட்சி

வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும்போதெல்லாம் பொன்னுத்தாய்க்கும் சாவித்திரி ஆச்சிக்கும் சண்டைதான். மடை ஒன்று, வயல் இரண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அந்த வாய்க்காலில் தண்ணீரைவிட இவர்கள் வாய்தான் வேகமாக ஓடும். ஆச்சி பண்ணை வீட்டுக்காரர். பொன்னுத்தாய் ஒரு காலத்தில் அந்தப் பண்ணையில் நாற்று நட்டவள், இப்போது சொந்த வயல்காரி.

கூலிப் போராட்டம் கொதித்த எழுபதுகளில் பண்ணையின் வைக்கோல் போர் எரிந்தது. பழி பொன்னுத்தாயின் கணவன் வீரையன் மேல் விழுந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, பண்ணையார் அமிர்தலிங்கம், அவர் மனைவி சாவித்திரி, கணக்கர் குஞ்சிதபாதம் மூவரையும் தனித்தனியே கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். சொன்னவர் பெயர் வெளியே வராது என்று வாக்கும் கொடுத்தார். தீப்பிடித்த நேரத்தில் வீரையன் மடையில் நின்றதைப் பார்த்ததாக ஒருவர் சொல்லப்போய், அவன் வீடு திரும்பினான். அந்தப் புண்ணியம் யாருடையது என்று தெரியாமலே செத்தும் போனான்.

பொன்னுத்தாய்க்கு அது ஆறவே இல்லை. தகவல் உரிமைச் சட்டம் வந்ததும் மனுப் போட்டாள். கணக்கராகத்தான் இருக்கும், நல்ல மனுஷன், அவர் பிள்ளைகளிடமாவது கை கூப்பிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

பதில் வந்தது. மகள் அம்சம் வாசித்துக் காட்டினாள். சாட்சி உயிரோடு இருப்பதால், அன்று கொடுத்த வாக்கின்படி பெயரைத் தர இயலாதாம். அலைந்ததுதான் மிச்சம் என்று அம்சம் உச்சுக்கொட்டினாள்.

பொன்னுத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பண்ணையார் போய்ச் சேர்ந்துவிட்டார், கணக்கரும் போய்விட்டார். மறைக்கிறேன் பேர்வழி என்று பதில் எழுதிய அதிகாரி அப்பட்டமாகச் சொல்லிவிட்டாரே! இத்தனை வருஷமும் யாரைப் போய் வாய்க்கு வந்தபடி ஏசினோம் என்று நினைக்க, அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

காலில் விழுந்துவிடுவது என்றுதான் பண்ணை வீட்டுக்குப் போனாள். கூடத்தில் ஆச்சி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகன் சிங்காரவேலு. அப்பாவின் வைக்கோல் போரைக் கொளுத்தியது வீரையன்தான், எவனோ விலை போய்ப் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டான் என்று இன்றைக்கும் பொருமுகிறவர் அவர்.

"மனுப் போட்டீங்களாமே, யாருன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

ஆச்சியின் கையில் முறம் நின்றுவிட்டது. பொன்னுத்தாய் அந்த முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் தன் நெஞ்சு ஆறும். ஆனால் ஆச்சிக்கு மகன் இல்லாமல் போய்விடுவான்.

"சொல்ல முடியாதுன்னுட்டாங்க தம்பி. போவுது விடுங்க." ஆச்சி பக்கம் திரும்பினாள். "நாளைக்கு முறைத் தண்ணி வருது. மொதல்ல நீங்க பாய்ச்சிக்குங்க ஆச்சி."

ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. உளுந்துத் தூசி என்று முந்தானையால் துடைத்துக்கொண்டார். ஒருநாளும் இல்லாத வழக்கமாக வாசல்வரை கூடவே வந்தார்.

"நீ சண்டை போடாம விட்டுக்குடுத்தா அவனுக்குச் சந்தேகம் வந்துடும், பொன்னுத்தாயி," என்றார் மெதுவாக.

மறுநாள் மடையில் நின்று பொன்னுத்தாய் ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். தண்ணீர் ஆச்சி வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.