இழவுக் குழம்புக்கு எத்தனை கரண்டி

என் தம்பி கிதே இழவு வீட்டுச் சாப்பாட்டுக்கு மார்க் போட்டே பெரிய ஆளானவன். இதை யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்தி இணையத்தில் அவன் எழுதும் பிளாக்கின் பெயரைக் கேட்கிறார்கள். சிரிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பெயர் கேட்பதுதான் எனக்கு ஆகாது.

தொடக்கத்தில் அவன் மருந்துக் கம்பெனி விற்பனையாளன். தேகு நகரத்தில் உள்ள டாக்டர்களுக்கெல்லாம் கும்பிடு போடுவதுதான் பிழைப்பு. டாக்டரின் அப்பா செத்தாலும் மாமியார் செத்தாலும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். துக்கத்துக்கான பண உறையை வாசலில் உள்ள பெட்டியில் போட்டு, இறந்தவர் படத்தின் முன் இரண்டு முறை விழுந்து வணங்கி, வீட்டாரை ஒரு முறை வணங்கிவிட்டு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கூடத்தில் மூலையாகப் பார்த்து உட்கார்ந்து யுக்கேஜாங் சாப்பிட வேண்டும். இழவு மண்டபங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றும் அந்தச் சிவப்பு மாட்டிறைச்சிக் குழம்பைத்தான் சொல்கிறேன். பேச்சுத் துணை இல்லாதவன் என்ன செய்வான், குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்ததை எழுத ஆரம்பித்தான்.

'போவதற்கு முன் ஒரு கிண்ணம்' என்று பிளாக்குக்குப் பெயர் வைத்தான். எந்த மண்டபத்தில் இறைச்சி தாராளம், எங்கே வெங்காயத்தாள் வெந்து குழைந்துவிட்டது, எங்கே நேற்றையதைச் சுடவைத்து ஊற்றுகிறார்கள் என்றெல்லாம் எழுதி, கடைசியில் ஐந்துக்கு இத்தனை கரண்டி என்று மார்க் போடுவான். அவன் அக்காவான எனக்குச் சலவைக் கடை. அவனுடைய கறுப்புக் கோட்டு என்னிடம்தான் வரும். கைமடிப்பில் மிளகாய் எண்ணெய், தோளில் ஊதுபத்தி வாசனை. யாரோ ஒரு வீட்டில் நெஞ்சிலடித்து அழுதுகொண்டிருக்க, இவன் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கறையைத் தேய்ப்பேன். சீ, என்ன ஜென்மம் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

நாலு பேர் படிப்பார்கள், அப்புறம் ஓய்ந்துவிடும் என்று இருந்தேன். ஓயவில்லை. எனக்கும் அந்தக் குழம்பு ரொம்பப் பிடிக்கும், வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது என்று ஊர் ஊராக ஜனங்கள் வந்து எழுதினார்கள். இத்தனை பேர் அடுத்தவர் வீட்டுச் சாவில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்களா என்று எனக்கு மனிதர்கள் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. மண்டபத்துக்காரர்கள் அவனைக் கூப்பிட்டு உபசரித்தார்கள். இறுதிச் சடங்குத் திட்டம் விற்கும் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்தன. இழவு மண்டபத்தில் யாரும் யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை, அண்ணன் வழி ஆள் என்று தம்பி நினைத்துக்கொள்வான், தம்பி வழி ஆள் என்று அண்ணன் நினைத்துக்கொள்வான், ஆகவே பண உறையோடு போனால் எங்கேயும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஒரு பதிவு போட்டான். அதுதான் அவன் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது.

அப்புறம் வேலையை விட்டான். தொழிற்பேட்டையில் ஒரு சமையல்கூடம் பிடித்து, 'மண்டபத்து ருசி, உங்கள் வீட்டிலேயே' என்று யுக்கேஜாங்கைப் பொட்டலம் கட்டி விற்க ஆரம்பித்தான். பிளாக்கில் படித்தவர்கள் அப்படியே வாங்குகிறவர்களாக ஆனார்கள். என் கடைக்குத் துணி போட வருகிறவர்கள்கூட உங்க தம்பி குழம்பு எங்க வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் சட்டையை எண்ணி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன். முதியோர் மருத்துவமனையில் எங்கள் அம்மா போங்ரே படுத்திருந்த கட்டிலுக்கும் அந்தக் குழம்பிலிருந்துதான் வாடகை போனது. அதனால் எனக்கு வாய் பாதிதான் திறக்கும்.

அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் சூனிம் பாட்டி. இரண்டு பேரும் நாளெல்லாம் சீட்டாடுவார்கள், கள்ள ஆட்டம் ஆடியதாக ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். சூனிம் பாட்டி இறந்துபோனபோது அம்மாவால் எழுந்து இழவுக்குப் போக முடியவில்லை. தன் பெயரில் உறை கொடுத்து, நீ போய் எனக்கும் சேர்த்து வணங்கிவிட்டு வா என்று கிதேயை அனுப்பினாள். போனவன் வணங்கினான், சாப்பிட்டான், வந்து எழுதினான். குழம்பில் இறைச்சியைத் தேட வேண்டியிருந்தது, இரண்டு கரண்டி என்று எழுதியிருந்தான். கிண்ணத்துப் படத்தின் ஓரத்தில், கறுப்பு உடுப்பில் தரையில் சரிந்து அழுதுகொண்டிருந்த சூனிம் பாட்டியின் மகள் பாதி தெரிந்தாள்.

அந்த வார்டு முழுக்க அதைப் பார்த்துவிட்டது. கிழவிகள் அம்மாவிடம் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். கிதே, அந்தப் படத்தை நீக்கிவிட்டேன், அந்த அம்மாவின் மகளுக்கு ஒரு பெட்டி குழம்பும் அனுப்பியிருக்கிறேன் என்று சமாதானம் சொல்ல வந்தான். செத்தவளின் மகளுக்குக் குழம்பு அனுப்பினானாம்.

அம்மா போர்வையை விலக்கினாள். அவனைத் திட்டவில்லை.

"கிதே, நான் போற அன்னைக்கு அந்தச் செவப்புக் குழம்பு வேணாம். முள்ளங்கி போட்டு வெள்ளையா ஒரு சூப் வையி. வர்றவங்க என்னைப் பாக்க வரட்டும். மார்க் போட வர வேணாம்" என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நீ போட வேண்டிய கரண்டி மூணே மூணுதாண்டா. அது என் வாயில போடுற அரிசி. அதை ஒழுங்காப் போட்டு அனுப்பு, போதும்."

பெட்டியில் வைப்பதற்கு முன், செத்தவர் போகும் வழியில் பசிக்காமல் இருக்க மகன் அவர் வாயில் போடும் அரிசியைச் சொன்னாள். கிதேக்குக் கண் கலங்கியது. சரிம்மா, சத்தியம் என்று அவள் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு அவனைப் பார்த்து எனக்கே கொஞ்சம் மனசு இளகியது.

வசந்தத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். அவனுக்கு நன்றாகப் பழக்கமான மண்டபம், பெரிய அறை, வெள்ளைச் செவ்வந்தியால் மூடிய மேடை, நடுவில் அம்மாவின் படம். சமையல் கட்டிலிருந்து முள்ளங்கி சூப்தான் வந்தது. தெளிவாக, மிளகு வாசனையோடு, அம்மா கேட்ட மாதிரியே இருந்தது. கிதே கையில் இரண்டு கோடு போட்ட பட்டையைக் கட்டிக்கொண்டு மகன் முறையில் தலைமைத் துக்கக்காரனாக நின்றான்.

சாயங்காலம் ஆக ஆக வந்தவர்களில் பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தம்பியின் தொழில் ஆட்கள் என்று நினைத்தேன். தம்பி மனைவி மியோங்ஹி என் சலவைக் கடை வாடிக்கையாளர்கள் என்று நினைத்திருக்கிறாள். இளவட்ட ஜோடிகள், ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும், காது நிறையத் தோடு போட்ட ஒருத்தி. எல்லாரும் உறை போட்டார்கள், இரண்டு முறை வணங்கினார்கள், என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார்கள். சொல்லும்போதே கண் பந்திப் பக்கம் போனது. ஒரு ஜோடி மதுக் கிண்ணத்தை ஒன்றோடொன்று இடித்துக் குடித்ததைப் பார்த்ததும்தான் எனக்குச் சுரீர் என்றது. இழவில் எவனாவது கிண்ணத்தை இடிப்பானா?

மியோங்ஹியைக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அவர் காலையிலேயே பிளாக்கில் போட்டுவிட்டார் அண்ணி, அம்மா தவறிய செய்தியையும் மண்டபத்து அறை எண்ணையும், வாசகர்களுக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையாம் என்றாள். வந்தவர்களை வெளியே போ என்று சொல்லவும் வழியில்லை. உறை போட்டுப் படத்தை வணங்கியவனை எந்த முகத்தோடு விரட்டுவது? அதுவும் என் தம்பி எழுதிக் கற்றுக்கொடுத்ததுதான். ஒவ்வொருவரும் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அது வந்துவிட்டது. வந்தவர்களில் எவனோ தன் பக்கத்தில் முள்ளங்கி சூப்பைப் படம் எடுத்துப் போட்டு, ஊருக்கெல்லாம் மார்க் போடுகிறவர் தன் சொந்த அம்மாவின் விருந்தாளிகளுக்கு வெந்நீர் ஊற்றினார், ஒன்றரைக் கரண்டி என்று எழுதியிருந்தான். கீழே நூற்றுக்கணக்கான பேர் சிரித்திருந்தார்கள். கஞ்சப் பயல் என்றார்கள். இவன் குழம்பையா நாம் வாங்கிச் சாப்பிடுகிறோம் என்றார்கள். வாங்கியதை ரத்து செய்கிறோம் என்றும் சிலர்.

அம்மா கண்ணை மூடியபோது கிதே அழவில்லை. மண்டபத்திலும் அழவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு இப்போது பொலபொலவென்று கண்ணீர் விட்டான். பார்க்கிறவர்கள் தாய்க்காக அழுகிறான் என்று முதுகைத் தடவிவிட்டார்கள். எனக்கு அவன் பக்கத்தில் நிற்கவே உடம்பு கூசியது.

அரை மணி நேரத்தில் அவன் சமையல்கூடத்து வண்டி பின்பக்கம் வந்து நின்றது. அண்டா அண்டாவாகச் சிவப்புக் குழம்பு இறங்கியது. அவனை மறித்து நின்று, என்னடா இது என்றேன். பகல் கூட்டத்துக்கு நல்லதாக ஊற்றிவிட்டால் அவர்களே மாற்றி எழுதுவார்கள், மூன்று பேர் சம்பளம் இதில் இருக்கிறது, உனக்குத் தொழில் புரியாது என்று படபடத்தான். அவன் சொன்னதில் பொய் இல்லைதான்.

"அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுடா" என்றேன்.

"அக்கா, அம்மாவுக்குத் தெரியவா போவுது?" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

மதியம் பெட்டியில் வைக்கும் நேரம். சடங்கு நடத்துகிறவர் வந்து குடும்பத்தாரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்தார். நான் சமையல் கட்டுக்குப் போனேன். கிதே துக்கக் கோட்டின் மேலேயே ஏப்ரன் கட்டிக்கொண்டு, அண்டாவில் மிளகாய் எண்ணெயைச் சுற்றி ஊற்றி, கரண்டியால் எடுத்து ருசி பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவை மூடப் போகிறார்கள், வா என்றேன். அவன் திரும்பவில்லை.

"ஒரு நிமிஷம்க்கா. நீ போ, உப்பு மட்டும் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

போனேன். சணல் உடுப்பில் அம்மா சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள். முகத்தைத் துடைத்து, தலைவாரி, உதட்டில் லேசாகச் சாயம்கூடப் பூசியிருந்தார்கள். மியோங்ஹி சத்தமில்லாமல் அழுதாள். சடங்கு நடத்துகிறவர் ஊறவைத்த அரிசிக் கிண்ணத்தையும் மரக் கரண்டியையும் ஏந்திக்கொண்டு மகன் எங்கே என்று கேட்டார். காத்திருந்தோம். அடுத்த குடும்பம் வாசலில் வந்து நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்தார். மேலே இருந்து படிக்கட்டு வழியாகக் குழம்பு வாசனை இறங்கி வந்தது, அம்மா படுத்திருந்த இடம் வரைக்கும் வந்தது.

நான் கையை நீட்டினேன். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கரண்டியைக் கொடுத்தார். உதட்டின் வலது ஓரத்தில் ஒன்று, இடது ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நூறு மூட்டை அரிசி, ஆயிரம் மூட்டை, பத்தாயிரம் மூட்டை என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அரிசி அவள் பல்லில் பட்டு நறநறத்தது கைக்குத் தெரிந்தது. மகன் வரட்டுமா என்று அவர் இன்னொரு முறை கேட்டார்.

"வேணாம். மூடுங்க" என்றேன்.

முகத்தைத் துணியால் மூடினார்கள், கட்டினார்கள், பெட்டியில் வைத்து மூடியைப் பொருத்தினார்கள். கிதே அப்போதுதான் படியிறங்கி ஓடிவந்தான். ஏப்ரனைக் கழற்ற மறந்திருந்தான். மூடிய பெட்டியைப் பார்த்தான், அரிசிக் கிண்ணத்தைப் பார்த்தான். உதட்டில் சிவப்பு எண்ணெய் பளபளத்தது.

"அக்கா... அரிசி யாரு போட்டது?"

நான் அந்த மரக் கரண்டியை அவன் கையில் வைத்தேன். இரண்டு பருக்கை அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

"மூணும் நானே போட்டுட்டேன். நீ மேல போ, ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவன் அங்கேயே நின்றான். நான் மியோங்ஹியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.