நம்பாதவன் செய்த சத்தியம்

மதலைமுத்துவின் மகன் காஸ்பர் கடலூருக்குக் காலேஜ் படிக்கப் போன முதல் வருஷம், புத்தகத்தில் அச்சாகியிருந்தால் போதும், அது அவனுக்கு உண்மை. வாத்தியார் தும்மினால்கூடக் குறிப்பெடுத்துக்கொள்வான். இரண்டாம் வருஷம் விடுதியில் அவன் அறைக்கு இராமச்சந்திரன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். எதைச் சொன்னாலும் "யார் சொன்னது? என்ன ஆதாரம்?" என்று மடக்குகிற ஆள். கொஞ்ச நாள் அவனோடு சண்டை போட்டுப் பார்த்த காஸ்பர், பிறகு அவனையே மிஞ்சிவிட்டான். முதலில் சாமி இல்லை என்றானது. அப்புறம், உண்மை என்றே ஒன்று கிடையாது, எல்லாம் அவரவர் பார்வைதான் என்றும் ஆகிவிட்டது. செபமாலை டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போனது.

கோடை லீவுக்கு, செஞ்சிப் பக்கம் வல்லத்தை அடுத்த தன் ஊருக்கு வந்தவன், வீட்டில் செபத்துக்கு முட்டி போட மாட்டேன் என்றான். அம்மா ஆரோக்கியம் அழுதாள். மதலைமுத்து கையை ஓங்கினார். காஸ்பர் இருவருக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னான். அந்தப் பொறுமைதான் பார்க்கச் சகிக்காது.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைத் தகராறு வந்தது. மதலைமுத்துவுக்கு ஊருக்கு மேற்கே பயிரேறாத ஒரு கரம்புக் கொல்லை கிடந்தது. செஞ்சிப் பக்கத்து நிலம், கல்லுக்குக் கேட்பானேன். "கல்லப் பொறுக்கிப் பண்படுத்து. அஞ்சு வருசம் நீயே மல்லாட்ட போட்டுக்க" என்று காஸ்பர் காலேஜுக்குப் போகுமுன்பே கலியபெருமாளிடம் சொல்லியிருந்தார். களத்தில் வைத்து அவர் அப்படிச் சொன்னபோது காஸ்பர் பக்கத்தில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தான். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாத கலியபெருமாளும் அவன் மனைவி சின்னப்பொண்ணும் வெயிலில் கல் சுமந்தார்கள். பெயர்க்க முடியாத பாறையை நெருப்பு மூட்டிப் பிளந்தார்கள். இரண்டு வருஷம் நிலக்கடலை நன்றாகவே விளைந்தது. அதற்குள் பக்கத்து ஊர்வரை கரண்ட் கம்பம் வந்துவிட்டது. பம்புசெட் வைத்தால் கரும்பே போடலாமே என்று மதலைமுத்துவின் புத்தி ஓடியது. "ரெண்டு வருசம்னுதான் சொன்னேன்" என்று ஒரே போடாகப் போட்டார்.

கலியபெருமாள் கத்தவில்லை. நேராக, கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் ஞானத்திடம் போனான். "களத்துல தம்பியும் கூட இருந்துது. அந்தோணியாரு காலத் தொட்டுத் தம்பி சொல்லட்டும். இன்னா சொன்னாலும் ஒத்துக்கறேன்" என்றான். அவன் இந்துதான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் சிலை இருக்கிற குருசடிக்கு மெழுகுவத்தி கொண்டுவருகிறவன்.

மதலைமுத்து மகனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு வருசம்னு சொல்லிடு."

"அஞ்சு வருசம்னுதான நைனா சொன்னீங்க?"

அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நானா இருந்தா அங்க கைய வெக்க மாட்டேன்டா. புள்ள குட்டிக்காரன், எதுனா ஆயிடும். நீதான் அது வெறும் மரக்கட்டன்றியே. உனக்கு இன்னா பயம்? உன் படிப்புச் செலவும் அந்தக் கொல்லையிலதான் இருக்குது."

லீவு தொடங்கியதிலிருந்து அவனை நாஸ்திகன் என்று ஏசிக்கொண்டிருந்த மனிதர், முதல்முறையாக அவன் கொள்கையை மதித்துப் பேசினார். வெட்கக்கேடு என்னவென்றால், காஸ்பருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மரக்கட்டையைத் தொட்டுச் சொல்வதில் என்ன இருக்கிறது? மனித ஞாபகமே நம்பத் தகுந்ததில்லை என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்? படித்ததெல்லாம் வரிசையாக வந்து அவனுக்கு ஒத்தாசை செய்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குருசடியில் கூடினார்கள். உபதேசியார் மெழுகுவத்தி ஏற்றினார். காஸ்பர் சுரூபத்தின் காலில் கை வைத்தான். "நைனா ரெண்டு வருசம்னுதான் சொன்னாரு" என்றான். குரல் நடுங்கவில்லை. மெழுகுவத்தி அணையவில்லை, இடி விழவில்லை. பார்த்தாயா என்று இராமச்சந்திரனுக்கு மனசுக்குள்ளேயே ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டான்.

கலியபெருமாள் மதலைமுத்துவைக் கும்பிட்டான்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. என் காதுலதான் தப்பா வுழுந்திருக்குது. ஆசையில நானே அஞ்சுன்னு நெனச்சுக்கினேன் போல."

"நானுந்தான் அங்க இருந்தேன்" என்றாள் சின்னப்பொண்ணு. "ரெண்டு பேரு காதுமா தப்பு?"

"சும்மா இரு புள்ள. படிச்ச புள்ள, சாமி காலத் தொட்டுச் சொல்லிட்டுது. அப்புறம் இன்னா?"

காஸ்பருக்கு அப்போதுதான் உறைத்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். பொய் என்று கத்தியிருந்தால் வாதாடியிருப்பான். அந்த மனிதனோ, தன் காதால் கேட்டதையே பொய்யென்று ஒத்துக்கொண்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனான். கொல்லையை மட்டுமா பிடுங்கினோம் என்று காஸ்பர் தன்னையே கேட்டுக்கொண்டான். வீட்டில் அன்று கோழிக்குழம்பு. அவன் தொடாமலே எழுந்துவிட்டான்.

மறுநாள் காலையில் கலியபெருமாளின் குடிசைக்குப் போனான். அண்ணே என்று அவனைக் கூப்பிடத் தொடங்கியதே காலேஜுக்குப் போன பிறகுதான். அதில் காஸ்பருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இன்று அந்த வார்த்தை வாயில் வரவே கூசியது.

"அண்ணே, நேத்து நான் சொன்னது பொய். நைனா அஞ்சு வருசம்னுதான் சொன்னாரு."

கலியபெருமாள் சிரித்தான். "எங்க கஷ்டத்தப் பாத்துட்டு எரக்கப்பட்டுச் சொல்றீங்க தம்பி. உங்க நல்ல மனசு. ஆனா சாமி முன்னால ஒண்ணு, இங்க ஒண்ணு சொல்லக் கூடாது. உங்களுக்குத்தான் ஆவாது."

"சத்தியமாண்ணே!" என்றான் காஸ்பர். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தன் வாயில் இனி செல்லாது என்பது புரிந்தது.

சின்னப்பொண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும் தம்பி, நீ இப்ப சொல்றதுதான் நெசம். அங்க வந்து சொல்லு. உபதேசியாரு இருக்கட்டும், உங்க நைனா இருக்கட்டும். அதே கால்ல கைய வெச்சுச் சொல்லு. இந்த மனுசன் அப்பத்தான் நம்பும்."

காஸ்பர் வாயைத் திறந்தான். நைனாவின் முகம் நினைவுக்கு வந்தது, ஊரார் முகம் வந்தது, மூன்றாம் வருஷப் படிப்பு வந்தது. வாசலில் விட்ட செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான்.

"சாமிக்கு பயமில்லாத புள்ளன்னாங்களே" என்றாள் அவள். முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆரோக்கியம் செபத்துக்கு விளக்கேற்றியபோது, காஸ்பர் தானே வந்து முட்டி போட்டான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அந்தோணியாரு புதுமை பண்ணிட்டாரு! எம் புள்ளயத் திருப்பிக் குடுத்துட்டாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கச் செபம் சொல்ல ஆரம்பித்தாள்.

காஸ்பர் செபிக்கவில்லை. அந்த வீட்டில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு இருந்தால் யாரும் ஏன் என்று கேட்காத இடம் அது ஒன்றுதான். விரல் இடுக்கு வழியாகப் பக்கத்தில் பார்த்தான். மதலைமுத்துவும் முகத்தை மூடிக்கொண்டுதான் இருந்தார்.