ஒரு கழித்தல் குறியும் இரண்டு கூட்டமும்

நான் பார்ப்பதும் எக்ஸ்ரே, என் வீட்டுக்காரர் பார்ப்பதும் எக்ஸ்ரே. அவர் ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுக்கிறார். நான் வானத்தில் கேலக்ஸிக் கூட்டங்களில் இருக்கும் சூடான வாயுவைப் பார்க்கிறேன். ஒருவர் தொழிலில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அன்று காலை சாப்பாட்டு மேஜையில் அவர் அதைக் காற்றில் பறக்கவிட்டார்.

பதினொரு மணிக்கு எங்கள் ஆய்வுக் குழுத் தலைவி, நான் பார்த்துவரும் கேலக்ஸிக் கூட்டத்தை ஆய்வில் வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா என்று முடிவு சொல்ல இருந்தார். அது ஒரு கூட்டமல்ல, இரண்டு கூட்டங்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கின்றன என்று எட்டு மாதமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். மோதும்போது கேலக்ஸிகள் ஒன்றையொன்று உரசாமல் கடந்து போய்விடும். வாயுதான் முட்டிக்கொண்டு நடுவில் தங்கிவிடும். என் படத்திலோ வாயு எதற்கும் சம்பந்தமில்லாமல் ஓரமாக நின்றது. எதையும் நிறுத்துப் பார்ப்பதால் 'தராசு' என்று பெயர் வாங்கிய சக ஆய்வாளர் வாரா வாரம் அதைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏம்மா, இந்தப் பேஷண்டுக்கு இதயம் வலப்பக்கமா இருக்கு?" என்றார் வீட்டுக்காரர், லேப்டாப்பை எட்டிப் பார்த்து.

"இதுக்கு இதயமெல்லாம் கிடையாது. பேசாம சாப்பிடுங்க."

"அட, பாரேன். கேலக்ஸி படத்துல இந்தப் பெரிய புள்ளி இடது மூலையில இருக்கு. வாயு படத்துல அதே புள்ளி வலது மூலையில. ஃபிலிமைத் திருப்பி மாட்டினா எங்களுக்கும் இப்படித்தான் வரும்."

சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்து வரைவதால் வானப் படத்தில் கிழக்கு இடப்பக்கம் வரும். இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் இது. வாயு படத்தை வரையும் புரோகிராமில், கிழக்கை இடப்பக்கம் திருப்பும் ஒரு கழித்தல் குறியைப் போடாமல் விட்டிருந்தேன், மகாராணி நான்.

குறியைப் போட்டேன். வாயு அப்படியே இடம் மாறி, இரண்டு கேலக்ஸிக் கும்பல்களுக்கும் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. நான் கத்திய கத்தலில் அவர் கையிலிருந்த கரண்டி விழுந்தது. ஒரு காலில் செருப்பும் மறுகாலில் ஷூவுமாக ஆபீசுக்கு ஓடினேன்.

தலைவி படத்தை மூன்று முறை பார்த்தார். "எட்டு மாசமா ஒருத்தருக்கும் கண்ணு தெரியலையா?"

"எனக்கும் தெரியல மேடம், பாத்துப் பாத்துச் சிரிச்சவருக்கும் தெரியல." தராசு தன் பேனா மூடியை வெகு உன்னிப்பாக ஆராயத் தொடங்கினார்.

"சரி, இதை வச்சுக்கறோம். கட்டுரையை நீயே எழுது."

சந்தோஷம் தாங்கவில்லை. வராண்டாவுக்குப் பறந்து வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் என்னிடம் பேசவில்லை. யாரிடமோ, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க," என்றார். நானும் பிடித்துக்கொண்டேன்.

"ம், இப்ப விடலாம்."

"ரெண்டுதாங்க!" என்று அலறினேன். "சந்தேகமே இல்ல, ரெண்டு!"

"ஐயோ, விலா எலும்பு ரெண்டா போச்சா?" என்று அந்தப் பக்கம் ஒரு குரல் பதறியது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலங்க," என்றார் என் வீட்டுக்காரர், சிரிப்பை அடக்க முடியாமல். "என் வீட்டம்மா ஜெயிச்சுட்டா."