இங்க மூடு, அங்க தொற

“படி தூபா. கம்ப்யூட்டர் இன்னா சொல்லுது?”

தலையணைகளில் சாய்ந்திருந்த சமீருல்லா ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடினான். தூபா மடிக்கணினித் திரையைப் பார்த்தாள். அதில் ஓடிய விளையாட்டில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்து மட்டும்தான். சர்க்கரை நோயில் அண்ணனுக்குப் பார்வை போன பிறகு, யாராவது படித்துச் சொன்னால் அவனால் ஆட முடிந்தது அது ஒன்றுதான். விண்வெளிக் கப்பலின் கம்ப்யூட்டர் நிலைமையைச் சொல்லும்; பதிலுக்குக் கட்டளையைத் தட்ட வேண்டும். படிப்பது அவள் வேலை; அவன் விரல்கள் வீங்கியதிலிருந்து தட்டுவதும் அவள்தான்.

கட்டுப்பாட்டு அறையில் காற்று நான்கு சதவீதம் என்றிருந்தது.

“நாப்பது,” என்றாள்.

“பொய் சொல்லாத. தப்பாப் படிச்சா நான் எப்டி ஓட்றது?”

“நாலுண்ணா.”

சிறுநீரகமும் போய்விட்டது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றி வர ஆற்காட்டுக்குப் போன அத்தா போனை எடுக்கவில்லை. அம்மா பக்கத்து அறையில் பிற்பகல் அஸர் தொழுதுகொண்டிருந்தாள்.

“அம்மாவ கூப்டட்டா?”

“தொழுவட்டும். கப்பல்ல பின்னாடி ரூம்ல தூங்கறாங்களே, அவங்களுக்குக் காத்து இருக்கா?”

“இல்ல.”

“அப்போ இங்க மூடு. அங்க தொற.”

“மூடினா நீ...” சட்டென்று நிறுத்தினாள். “கப்பல் ஓட்றவன் செத்துடுவான்ல?”

“டைப் பண்ணு.”

அவசரத்தில் எழுத்து மாறியது. கட்டளை புரியவில்லை என்றது கம்ப்யூட்டர். வாசலில் வண்டிச் சத்தம். அத்தா இல்லை, தெருவோடு போய்விட்டது. மறுபடி தட்டினாள்.

“போவுதுண்ணா. அவங்க ரூமுக்குக் காத்து போவுது.”

அவன் உதடுகள் அசைந்தன. காதை வைத்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. பிறகு உதடுகளும் நின்றன.

“அண்ணா, அடுத்து இன்னா?” என்றாள். “அண்ணா!”

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை வருவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. அத்தா சிலிண்டரை வாசலிலேயே போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மய்யத்தைக் குளிப்பாட்ட ஆண்கள் முற்றத்தில் திரை கட்டினார்கள்.

அம்மா தூபாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். “நீதானே கிட்ட இருந்த? உசுரு போவும்போது கலிமா சொன்னானா எம்புள்ள?”

சுற்றியிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியாக அவன் சொன்ன ‘டைப் பண்ணு’ தூபாவின் வாய் வரை வந்தது.

“ஒதடு அசஞ்சுதும்மா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன். கடைசி வரைக்கும் அசஞ்சுது.”

“அல்ஹம்துலில்லாஹ்.” அம்மாவின் பிடி தளர்ந்தது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவள், “ஒரு வாய் டீ குடு,” என்றாள்.

தூபா சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். அது பொங்கி வழிந்து தீய்ந்தது. வாசனை பிடித்து யாரோ ஒரு பெண் ஓடிவந்து அணைக்கும் வரை, அவள் கையில் இடுக்கியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.