செவலைத் திட்டு

எங்கள் ஏஞ்சல் நடத்தை கெட்டவள் என்று கூட்டம் போட்டுத் தீர்மானிக்கப் போகிறார்கள் என்றதும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏஞ்சல் நாய்தான். அதற்காக மானம் இல்லாமல் போய்விடுமா?

ஏஞ்சல் சுத்த ராஜபாளையம். பால் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. பாலக்கரையில் எங்கள் வீட்டில் அவள் போட்ட முதல் ஈற்றில் ஒரே ஒரு பெட்டைக் குட்டிக்கு முதுகில் செவலைத் திட்டு, ஒரு காதும் செவலை. மற்ற குட்டிகள் தின்றுவிட்டுத் தூங்கும். இது தட்டுத் தடுமாறி வந்து என் முந்தானையைச் சப்பும். என் வீட்டுக்காரர் டோனி சந்தோஷம் தாங்காமல் அதைப் போட்டோ எடுத்து நாட்டு நாய் வளர்ப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் போட்டுத் தொலைத்தார்.

சங்கத் தலைவர் அற்புதசாமி சார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஏஞ்சல் சேர்ந்தது அவருடைய சீசரோடுதான். தன் வீட்டுப் பெட்டைகள் போட்ட எந்த ஈற்றிலும் ஒரு புள்ளிகூட விழுந்ததில்லை என்பது அவர் பெருமை. அதனால் தெரு நாய்தான் புகுந்திருக்க வேண்டும், ஏஞ்சலைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும், கலர் குட்டியை ஒதுக்கிவிட வேண்டும் என்றார். ஒதுக்குவது என்றால் கொன்றுவிடுவது. எங்கள் ஆட்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜீயபுரத்தில் அவர் வீட்டில் கூட்டம். குட்டியைக் கூடையில் வைத்து நானே எடுத்துப் போனேன். டோனிக்கு வாய் இருப்பது சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும், அவரை நம்பிப் பயனில்லை. வகுப்பில் கத்திப் பழகிய டீச்சர் நான்தான் பேச வேண்டும்.

காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த நாய்க்குக் கலர் எதற்கு, திட்டு இருந்தாலும் கண்காட்சியில் விடலாம் என்றார் சங்க உறுப்பினர் பிரவீன்ராஜ். இன்றைக்குத் திட்டு என்று விட்டால் நாளைக்கு உடம்பெல்லாம் புள்ளி போட்ட டால்மேஷியனைக் கூட்டி வந்து ராஜபாளையம் என்பார்கள், அப்புறம் இனம் எங்கே மிஞ்சும் என்றார் இன்னொரு உறுப்பினர் ஜோதி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் எழுந்தேன். பெட்டையை ஆண் நாய் வீட்டில் விட்டால் பருவம் முடியும்வரை அங்கேயே அடைத்து வைப்பது எங்கள் வழக்கம். ஏஞ்சலை அடைத்த கூண்டின் சாவி சார் இடுப்பில்தான் இருந்தது. தெரு நாய் எந்த வழியாக வந்தது என்று கேட்டேன். கூட்டி வருவதற்கு முன்பே எல்லாம் நடந்திருக்கும் என்று கூசாமல் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டீ கொண்டு வந்த அவர் மனைவி வியாகுலம்மாள் தட்டைக் கீழே வைத்தார். கூடையிலிருந்த குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"டீச்சர் மேல தப்பு இல்லைங்க. நம்ம வீட்டுலயும் கலர் விழுந்திருக்கு. ஒரு தடவ இல்ல, பல தடவ."

சார் சிரிக்கப் பார்த்தார். தான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையே என்றார்.

"எப்படிப் பாப்பீங்க? கலர் விழுந்தா என் கண்ணுலயே படக் கூடாது, ஒதுக்கிடுன்னு முதல் ஈத்துலயே சொன்னீங்க. நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிடுவேன். கொல்ல மனசு வரல. வாழைத்தோப்புக்காரங்ககிட்ட குடுத்து, புட்டிப்பால் ஊத்தி வளக்கச் சொன்னேன். தினம் வாக்கிங் போறப்ப தெரு நாய்னு கல்லெடுத்து விரட்டுறீங்களே, அதெல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான்."

மனிதர் பொய் சொல்லவில்லை, இத்தனை காலமும் நம்பியே இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அந்த நொண்டி?" என்று சார் மெல்லக் கேட்டார்.

"நீங்க அடிச்ச அடியில கால் போச்சே, அதத்தான கேக்குறீங்க? அது சீசரோட மூத்த பொண்ணு."

அவர் குட்டியின் செவலைக் காதை ஒரு விரலால் தொட்டார். "ஒதுக்க வேணாம் டீச்சர். ஏஞ்சல் பேரும் சங்கத்துல இருக்கட்டும்," என்றார். கலரைக் கண்காட்சியில் சேர்ப்பதா என்பதை ஜோதி மறுபடி ஆரம்பித்தார். சார் காதில் வாங்கவில்லை. தட்டிலிருந்த பிஸ்கட்டை அள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தோப்புப் பக்கம் நடந்தார். எனக்கு என்னவோ போலிருக்க, குட்டியை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவர் வருவதைப் பார்த்ததுமே தோப்பு நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு ஓடின. நொண்டியால் ஓட முடியவில்லை. அடி விழப் போகிறது என்று தலையைத் தாழ்த்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு வரப்பிலேயே படுத்துவிட்டது. அவர் அதன் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து, பிஸ்கட்டை நீட்டியபடி அழுதார்.